அத்தையின் காதும் ஆறாம் கண்ணாடிப் பெட்டியும்

அத்தை படியேறி வந்தபோது முதலில் கேட்டது அவள் செருப்புச் சத்தம். மியூசியத்து மரப்படியில் எல்லாரும் மெல்லத்தான் நடப்பார்கள். அத்தைக்கு அந்த நடையெல்லாம் வராது. எங்கே போனாலும் சந்தைக்குப் போகிற நடைதான்.

பிறகு தலை தெரிந்தது. நெற்றி நிறையக் குங்குமம். தீபாவளிக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் மயில்கழுத்துப் பட்டு. காது இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பஞ்சும் கட்டும். தோளில் இடித்துக்கொண்டு தொங்கும் பாம்படங்களைக் காணோம். அவற்றைத் தாங்கிய நீளக் காதையும் காணோம்.

அந்தக் காதைப் பார்த்துப் பொம்மை செய்வதற்கென்றே மாடியில் ஒரு சிற்பி களிமண்ணைப் பிசைந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காதுக்காகத்தான் அவளைக் கூப்பிட்டதே. கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று தலையாட்டியவன் நான். என் வேலையோ இன்னும் டெம்பரவரி.

"என்ன அத்தே இது?"

"தையல் போட்டிருக்கு. எங்கல உங்க சாரு?" என்றாள்.

களிமண் ஜனங்கள்

எனக்குக் காக்கிச் சட்டை கிடைத்த கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மியூசியத்தில் என்ன வேலை என்று கேட்டால், நிற்கிற வேலை. தொடாதே என்று சொல்கிற வேலை. காலையில் கண்ணாடி துடைக்கிற வேலை. அன்று பம்பாயில் இருந்த மியூசியங்களில் ஒன்று அது. பெயர் வேண்டாம். இப்போது அங்கே இருப்பவர்களுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

கீழ்த்தளத்தில் கல் சிலைகள், செப்பேடுகள், பழைய காசுகள். ஒரு பக்கச் சுவர் முழுக்க ராஜா ராணிப் படங்கள், மயிரிழைத் தூரிகையால் தீட்டியவை. மாடியில் என் ஹால். அங்கே சாமியும் கிடையாது, ராஜாவும் கிடையாது. களிமண்ணில் செய்த மனிதர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு முழ உயரம். மீன் கூடையோடு கோலிப் பெண், உயரத் தொப்பியோடு பார்சிக்காரர், குயவர், நாவிதர், தோல்பையில் தண்ணீர் சுமக்கிறவர். பம்பாயில் யார் யார் இருக்கிறார்கள் என்று வெள்ளைக்காரன் காலத்தில் செய்துவைத்தவை. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு அட்டை. அதில் ஜாதி இருக்கும், தொழில் இருக்கும். பெயர் எந்தப் பொம்மைக்கும் கிடையாது.

அந்த ஹாலில் எனக்கு ஒருநாளும் நிம்மதி இருந்ததில்லை. பிள்ளைகள் கண்ணாடியில் சாய்ந்தால் பயம். யாருமே வராவிட்டால், ஹாலை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். மழைக்காலத்தில் ஒழுகுமோ என்று, ஜனங்களைப் பார்ப்பதைவிடக் கூரையைப் பார்ப்பதுதான் அதிகம். அந்த ஹாலில் நான் பயந்தவற்றில் நடந்தது அது ஒன்றுதான். ஒரு மழையில் ஆறாம் பெட்டிக்கு மேலே கூரை ஒழுகி, உள்ளே நின்ற 'மதராஸிப் பெண்' காலிலிருந்து கரைந்து குப்புற விழுந்து கிடந்தாள். காலையில் பார்த்தால் ஒரு குத்துச் சேறும் பித்தளை வளையல் இரண்டும்தான்.

பொறுப்பதிகாரி ராமநாதன் சார் என்னைத் திட்டவில்லை. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவாசி, பெரிய படிப்பு. "கூரை ஒழுகினா நீ என்னடா பண்ணுவே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை இன்றைக்கும் சொல்லுவேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை.

அந்த இடத்துக்குப் புதுப் பொம்மை செய்ய நாயக் மாஸ்தர் என்ற மராட்டிச் சிற்பி வந்தார். பழைய பொம்மையின் போட்டோ ஒன்று இருந்தது. ஆனால் அதில் காது மங்கிப் போயிருந்தது. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தெற்கத்தித் தொழிலாளிகள் குடியிருக்கும் லேபர் கேம்ப் பக்கம் காது வளர்த்த பெண்கள் இன்னும் இருக்கிறார்களாமே, யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

என் அத்தை இருக்கிறாள் சார் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். இந்தக் காரியம் முடியட்டும், உன் பெர்மனென்ட் விஷயத்தை நானே எடுத்துப் பேசுகிறேன் என்றார். அன்று ராத்திரி முழுக்க எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமில்லை. விடியும்போது பார்த்தால் அது சந்தோஷமில்லை, கவலைதான்.

குணுக்கும் கூச்சலும்

அத்தை செல்லக்கனி என் அப்பாவின் தங்கை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வரிசையிலேயே வீடு. தாராவியில் ஒரு கொட்டகையில் மில் பஞ்சுக் கழிவைப் பிரிக்கிற வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது இமையெல்லாம் பஞ்சுத் தூசு ஒட்டி, நரைத்த மாதிரி இருப்பாள்.

காது வளர்ந்த விதத்தை அவளே சொல்லியிருக்கிறாள். பச்சைப் பிள்ளையாக இருக்கும்போதே குத்தி, துளையில் பஞ்சைத் திணிப்பார்களாம். புண் ஆறினதும் பனையோலைச் சுருள். சுருள் விரிய விரியத் துளை பெரிசாகும். அப்புறம் குணுக்கு என்று ஈயக் குண்டு. அது தொங்கித் தொங்கிக் காதைத் தோளுக்கு இழுத்துக்கொண்டு வரும். ஓடி விளையாடினால் குணுக்கு கன்னத்தில் அடிக்குமாம். "நான் ஓடாம இருந்ததுக்கு அதாம்ல காரணம். இல்லேன்னா இந்நேரம் டெல்லிக்கு ஓடியிருப்பேன்" என்பாள்.

அவளுக்கு அந்தக் காது பிடிக்காது. ஊர்ப் பக்கம் அப்போதே பெண்பிள்ளைகளுக்குக் காது வளர்ப்பது நின்றுபோயிருந்தது. வளர்த்தவர்களும் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, சின்னக் கம்மல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கும் கம்மல் ஆசை உண்டு. மாமா விடவில்லை. பாம்படம் ஆடினால்தான் பொம்பளைக்கு எடுப்பு என்பது அவர் கட்சி.

அப்போதுதான் தெற்கத்திக்காரர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று பம்பாயில் கூச்சல் கிளம்பியது. கடைகளில் கல் விழுந்தது. பஸ்ஸில் ஏறினால் நிறத்தைப் பார்த்தார்கள், பேச்சைக் கேட்டார்கள். பாம்படம் போட்ட காதென்றால் பேச்சைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வரிசையிலேயே இரண்டு பேர் அவசர அவசரமாகக் காதைத் தைத்துக்கொண்டார்கள். மாமாவும் மனம் மாறி, நீயும் தைத்துவிடு என்றார்.

அத்தை மாட்டேன் என்றுவிட்டாள்.

"இத்தனை வருசம் ஆசைப்பட்டு அறுக்கல. இப்போ அவன் கத்துதான்னு அறுத்தா, பயந்து அறுத்ததா ஆயிரும். எனக்குத் தோணுத அன்னைக்கு அறுப்பேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த வாரமே தாதர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். பாம்படத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். துணைக்கு என்று பின்னால் போன நான் கடைக்குக் கடை ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். ஒரு பயல் சைக்கிளில் வந்து காதைக் காட்டி என்னவோ சொன்னான். அத்தை நின்று, வேண்டுமானால் நீயும் போட்டுப் பார் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். காய்கறிக்காரிகள் சிரித்தார்கள். பயல் போய்விட்டான். நான் வீடு வந்து சேரும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சட்டை

மியூசியத்தில் உன்னைப் பொம்மை செய்யப் போகிறார்கள் என்றதும் அத்தைக்கு வெட்கம் கலந்த சிரிப்பு வந்துவிட்டது. உடனே சம்மதித்தாள். நாற்காலி வேண்டும், தரையில் உட்கார மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். முதல் நாள் மாஸ்தர் அவள் முகத்தையும் காதையும் பென்சிலால் வரைந்துகொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். அத்தை மகாராணி மாதிரி இருந்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் நாள் போனால், களிமண்ணில் உருவம் எழும்பி நின்றது. அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முகம் இவள் முகம்தான். சந்தேகமே இல்லை. ஆனால் காலில் செருப்பில்லை. இடுப்பு வளைந்து, தலையில் ஒரு கூடை. மேலுக்கு ரவிக்கை இல்லை. சேலைத் தலைப்பு ஒரு பக்கமாகக் கிடந்தது.

பழைய போட்டோப்படிதான் செய்திருக்கிறேன், காதை மட்டும் நேரில் பார்த்து அடுத்த முறை வைப்பேன் என்று மாஸ்தர் இந்தியில் சொன்னார். அத்தை ராமநாதன் சாரிடம் திரும்பினாள்.

"இது நானா சார்?"

"உங்களைப் பண்ணலை அம்மா. உங்க ஜனத்தைப் பண்றது. இது ஒரு மாதிரி, அவ்வளவுதான்."

"எங்க சனத்துல சட்டை போடாம கூடை தூக்குதவ எவள்னு காட்டுங்க. நான் பாக்கேன்."

சார் பொறுமையாகத்தான் விளக்கினார். அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தார்கள், மியூசியம் என்பது அந்தக் காலத்தைக் காட்டுகிற இடம் என்றார்.

அத்தையின் குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கினால் எனக்கு அதிகப் பயம்.

"அந்தக் காலத்துல நாங்களா போடாம இருந்தோம்? போட விடல. எங்கம்மை ரவிக்கை போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்ததுக்கு அவளைப் பிடிச்சு அடிச்சாவ. அடி வாங்கிட்டு மறுநாளும் போட்டா. அவ அடி வாங்கிப் போட்ட சட்டைய நீங்க இங்க உக்காந்து கழத்துதீயளா?"

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன், நீங்கள் அடுத்த புதன்கிழமை காதுக்கு மட்டும் வந்துவிடுங்கள் என்றார்.

திரும்பும்போது ரயிலில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். நான் மெதுவாக என் வேலை விஷயத்தை எடுத்தேன். ஒரே ஒரு முறை வந்து உட்கார்ந்துவிடு அத்தே, காது மட்டும்தானே என்றேன்.

"வருவேம்ல. வாரேன்னா வருவேன். நீ ஏன் சாவுத?" என்றாள்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று புதன்கிழமை தெரிந்தது.

கட்டு

பஞ்சும் கட்டுமாக அத்தை ஹாலுக்குள் நுழைந்ததும் ராமநாதன் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமையே சயான் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போயிருக்கிறாள். ஊசி போட்டு, தொங்கின சதையை அறுத்தெடுத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். மாமாவுக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்; இரண்டு நாளும் அவள் வாசலுக்கு வராததால் எனக்கும் தெரியவில்லை. தைத்துவிடு என்றவர்தான், தன்னிடம் சொல்லாமல் போய்விட்டாளே என்று அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் வேளை தவறாமல் நகர்த்தி வைத்தாராம்.

"என்ன காரியம் பண்ணிட்டேள்," என்றார் சார். கோபமாகச் சொல்லவில்லை. சாவு வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டார். "இன்னும் இருபது வருஷம் போனா இப்படி ஒரு காது இருந்ததுன்னே யாருக்கும் தெரியாது. அதுக்காகத்தானே நான் இத்தனையும் பண்றேன்."

அவர் சொன்னது உண்மை. இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாம்படம் என்றால் என்னவென்று கையால் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும், இன்றைக்கு என்னைக் கேட்டாலும் நான் அத்தை கட்சிதான்.

"காது என்னுது சார். வச்சிருந்ததும் நான், அறுத்ததும் நான். அன்னைக்கு ரோட்டுல கத்துனவனுக்காக அறுக்கல. இன்னைக்கு உங்க பெட்டிக்காக வச்சிருக்கவும் முடியாது."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பட்டுத் தலைப்பை இழுத்துவிட்டு, செருப்புக் காலை முன்னால் நீட்டினாள்.

"வாரேன்னு சொன்னேன், வந்துட்டேன். இப்போ செய்யச் சொல்லுங்க."

சார் கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தார். அந்தப் பாம்படங்களையாவது மியூசியத்துக்குக் கொடுக்கக் கூடாதா என்றார். அதை அழித்துக் கம்மல் செய்யப் போகிறேன் என்றாள் அத்தை. அவர் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

எங்கள் தமிழ்ச் சண்டையில் ஒரு வார்த்தை புரியாமல் நின்றுகொண்டிருந்த மாஸ்தர் என்னிடம் அர்த்தம் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் அத்தையின் கட்டைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். பாதி முடிந்திருந்த கூடைக்காரியை ஈரத்துணி போட்டு மூடி ஒதுக்கினார். வேறு களிமண் எடுத்தார். கட்டுப் பிரித்ததும் இன்னொரு முறை வா, பாயி என்றார். மராட்டியில் பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

அப்படித்தான் இரண்டாவது பொம்மை உருவானது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த பொம்பளை. ரவிக்கை உண்டு, செருப்பு உண்டு. சின்னக் காது. உற்றுப் பார்த்தால் காதோரம் தையல் தழும்பு மெல்லிசாக ஓடும். மூளிக்காதாக விடாதீர்கள் என்று அத்தை கேட்டதற்காக, மாஸ்தர் பித்தளைப் பொட்டு இரண்டு வைத்தார். புண் முழுக்க ஆறி அத்தை கம்மல் போடப் பல மாதம் ஆனது. பொம்மை அவளுக்கு முந்திக்கொண்டது.

சாவி

பொம்மை வண்ணம் பூசி வந்தது. சார் பார்த்தார். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். ஸ்டோர் ரூமில் வை என்றார்.

அவ்வளவுதான். கூடைக்காரியை முடித்துக் கொடுக்கும்படி மாஸ்தருக்குச் சொல்லிவிட்டாயிற்றாம். முதல் நாள் வரைந்த காதுப் படம் அவரிடம் இருக்கிறது. நேரில் யாரும் வரத் தேவையில்லை. அடுத்த வாரம் அவள் ஆறாம் பெட்டியில் நிற்பாள். அத்தையின் முகம், பழைய போட்டோவில் இருந்தவளின் உடம்பு, அறுத்து எறிந்த காது. ரவிக்கை கிடையாது.

மியூசியத்துக்கு வருகிற எங்கள் ஜனங்கள் அதைத்தான் பார்ப்பார்கள். ஊரிலிருந்து பம்பாய்க்குப் புதிதாக யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்குக் கூட்டி வருவது அப்போது எங்களுக்கு வழக்கம். எல்லாருக்கும் அத்தை முகம் தெரியும்.

அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் என்ன செய்வது, காக்கியைத் திருப்பிக் கேட்பார்களா, வேறு எங்கே போய் நிற்பது என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், கண்ணாடி துடைக்கச் சாவி வாங்கினேன். ஸ்டோர் ரூமுக்குப் போய் அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கீழே போட்டுவிடுவேனோ என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆறாம் பெட்டியைத் திறந்து வைத்தேன். பூட்டினேன். கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்தேன்.

பத்தரை மணிக்குச் சார் வந்தார்.

"யார் வெச்சது?"

"நான்தான் சார்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல."

எடு வெளியே என்றார். சாவி என் கையில்தான் இருந்தது. வாய் தானாகப் பேசியது.

"எங்கிட்டச் சொல்லாதீங்க சார். எடுக்கணும்னா நீங்க எடுத்துக்கிடுங்க. என் கை அதைச் செய்யாது."

சாவியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பெட்டியைத் திறந்தார். பொம்மையின் தோள்வரை கை போனது. அங்கேயே நின்றது. குனிந்து அந்தக் காதுத் தழும்பை வெகு நேரம் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, அவரும் ஒருநாளும் சொன்னதில்லை. கையை எடுத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டினார்.

"இதுக்கு அட்டை என்னன்னு எழுதறது? பாக்கறவாளுக்கு யார்னு தெரிய வேண்டாமா?"

"பேரை எழுதுங்க சார். செல்லக்கனி."

"பேர் இங்க யாருக்கும் போடறதில்லை."

"தெரியும் சார்."

அவர் போய்விட்டார். அட்டை வரவில்லை. கூடைக்காரியும் வரவில்லை. மாஸ்தர் கொண்டுவரவில்லையா, சார் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது. என் பெர்மனென்ட் பேச்சு அதோடு நின்றுபோனது. மாதம் முடிவதற்குள் என்னை மாடியிலிருந்து வெளிக் கேட்டுக்கு மாற்றினார்கள். வெயிலிலும் மழையிலும் நின்றேன். இன்னொரு முறை அந்தச் சாவி கையில் வந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். கேட்டில் வேறு ஆளை நிற்கச் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். ஆறாம் பெட்டிக்கு முன்னால் நின்று, தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்தாள். செருப்பு வார் இந்த நிறமில்லையே என்று குறை சொன்னாள்.

பக்கத்தில் ஒரு மராட்டிப் பெண், பிள்ளைகளோடு, ஒவ்வொரு பெட்டியாக அட்டையைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். கோலிப் பெண். குயவர். நாவிதர். எங்கள் பெட்டிக்கு வந்து குனிந்தாள். அட்டையைக் காணோம். தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, காக்கிச் சட்டைக்காரன் என்பதால் என்னைக் கேட்டாள், இது யார் என்று.

எனக்கு முன்னால் அத்தை பதில் சொன்னாள்.

"செல்லக்கனி. லேபர் கேம்ப்."

அந்தப் பெண் பொம்மையைப் பார்த்தாள். திரும்பி அத்தையைப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளைகளிடம், மற்ற அட்டைகளை எப்படிப் படித்துச் சொன்னாளோ அப்படியே, நிறுத்தி நிதானமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தாள்.